மலிவுத் தாள் நாயகர்களுக்காக ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய சாகசக் கதைகளையும் காமிக்ஸ்களையும் வைத்து எடுக்கப்பட்ட ஹாலிவுட் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை நிதானமாகப் படித்தேன். ‘ஜான் கார்ட்டர்’, ‘தி ஃபேன்டம்’, ‘தி ஷேடோ’, ‘தி ராக்கெட்டியர்’ என்று படங்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டு, இந்த நாயகர்கள் எல்லாம் காலாவதியானவர்கள், இவர்களைத் திரைக்குக் கொண்டுவருவது வீண்வேலை என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். வசூல் கணக்கில் எனக்குத் தகராறு இல்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களில் நிறம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். காலண்டர் சாமி படம், தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி உறை என்று எது வந்தாலும் அதை நான்கு நிறத்துக்கு நான்கு நெகட்டிவாகப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி புள்ளியாகத் திருத்தி, பிளேட்டுக்கு அனுப்புவது என் தொழில். காமிக்ஸ் வாசிப்பு அதற்கும் முந்தியது. எங்கள் ஊரிலிருந்துதான் 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது, 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. மங்கலான நியூஸ் பிரிண்ட்டில் இரண்டு நிறத்தில் அச்சான அந்தப் புத்தகங்களைத் தெருவில் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த தலைமுறை எங்களுடையது. மட்டமான தாளில் அச்சானது என்பதற்காக ஒரு கதையை மட்டம் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். இந்தக் கடிதம் அந்தக் கோபத்தில் எழுதுவதுதான்.

முதலில் ‘ஜான் கார்ட்டர்’. ‘ஸ்டார் வார்ஸ்’, ‘அவதார்’ படங்களின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது என்கிறது கட்டுரை. 2012-இல் படம் வந்தபோதே இப்படிச் சொன்னவர்கள் பலர். நடந்தது தலைகீழ். எட்கர் ரைஸ் பரோஸ் என்ற அமெரிக்கர், பென்சில் சீவும் கருவிகளை மொத்த வியாபாரம் செய்து பிழைப்பு ஓடாமல் திண்டாடிய காலத்தில், 1911-இல் எழுதத் தொடங்கிய கதை அது. ‘ஆல் ஸ்டோரி’ என்ற இதழ் அதை 400 டாலருக்கு வாங்கி, 1912 பிப்ரவரி முதல் ஜூலை வரை தொடராகப் போட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒருவன் செவ்வாய்க் கிரகத்தில் போய் விழிக்கிறான். அங்கே ஈர்ப்பு விசை குறைவு என்பதால் ஒரே தாவில் ஆள் உயரத்துக்கு மேல் பாய்கிறான். நான்கு கைப் பச்சை மனிதர்கள், ஆகாயத்தில் மிதக்கும் போர்க்கப்பல்கள், ஓர் இளவரசி. எல்லாம் அந்த 1912-இலேயே இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் அதே இதழில்தான் அதே ஆளின் டார்ஜானும் வந்தான்.

1930-களில், நாளிதழ்களுக்குப் படக்கதை வழங்கிய கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் இந்தச் செவ்வாய்க் கதையைக் கேட்டது. பேச்சு படியவில்லை. உடனே அலெக்ஸ் ரேமண்ட் என்ற ஓவியரைப் பிடித்து, வேறொரு கிரகத்துக்குப் போகும் வேறொரு வீரனை வரையச் சொன்னார்கள். 1934 ஜனவரியில் பிறந்த ஃப்ளாஷ் கார்டன் அவன்தான். 1936-இல் யுனிவர்சல் நிறுவனம் அதை 13 பாகத் தொடர்படமாக எடுத்தது. ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வாங்கிய பஸ்டர் க்ராப் நாயகன். ஒவ்வொரு வாரமும் நாயகன் சாவின் விளிம்பில் நிற்க, ‘மிச்சத்தை அடுத்த வாரம் பாருங்கள்’ என்று முடியும். பின்னாளில் தொலைக்காட்சியில் அந்தத் தொடர்படங்களைப் பார்த்து வளர்ந்த ஜார்ஜ் லூகாஸ், ஃப்ளாஷ் கார்டனைப் படமாக்க உரிமை கேட்டார். கிடைக்கவில்லை. சரி, சொந்தமாகவே எழுதிக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தார். 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தது.

ஆக, பரோஸ் கதை கிடைக்காமல் ஃப்ளாஷ் கார்டன் பிறந்தான். ஃப்ளாஷ் கார்டன் கிடைக்காமல் ‘ஸ்டார் வார்ஸ்’ பிறந்தது. இந்தக் குடும்பத்தின் பாட்டன் நூறு வருடம் கழித்துத் திரைக்கு வந்தபோது, பேரனைப் பார்த்துக் காப்பியடித்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போனான். சுமார் 25 கோடி டாலர் செலவழித்த டிஸ்னி நிறுவனம், 20 கோடி டாலர் நட்டம் என்று தானே அறிவித்தது உண்மை. அந்த நட்டத்துக்குக் கதையின் வயதைக் காரணம் சொல்லாதீர்கள். தலைப்பில் இருந்த ‘செவ்வாய்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, ஜான் கார்ட்டர் என்று வெறும் பெயரை மட்டும் சுவரொட்டியில் போட்டார்கள். பரோஸ் என்ன எழுதியிருந்தார், இது எவ்வளவு பழைய வித்து என்று ஜனங்களிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். தயாரித்தவர்களுக்கே தங்கள் கதைமேல் கூச்சம்.

இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். இந்த வகைப் படங்களில் நான் பார்த்த அளவில், விழுந்தவற்றில் பெரும்பாலானவை கூச்சத்தால் விழுந்தவை. மூலக்கதையை நம்பாமல், ‘இதெல்லாம் சும்மா விளையாட்டு, நாங்களும் சிரித்துக்கொண்டுதான் எடுக்கிறோம்’ என்று பார்வையாளனுக்குக் கண் சிமிட்டிக்கொண்டே எடுத்த படங்கள்.

லயன் காமிக்ஸின் முதல் இதழிலேயே வந்த சாகச நாயகி மாடஸ்டி பிளைசியை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் ஓடோனல் எழுத, ஜிம் ஹோல்டவே வரைய, 1963 மே மாதம் லண்டன் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் தொடங்கிய படக்கதை. ஓடோனல் 1942-இல் பட்டாளத்தில் இருந்தபோது, ஈரானின் வடபகுதியில் தன்னந்தனியாக வந்த ஓர் அகதிச் சிறுமியைப் பார்த்தாராம். சாப்பாடு கொடுத்தார்களாம், வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்து போனாளாம். அந்தப் பெண் வளர்ந்தால் எப்படி இருப்பாள் என்ற நினைப்பிலிருந்து வந்தவள் மாடஸ்டி. அவளுக்கும் அவள் கூட்டாளி வில்லி கார்வினுக்கும் நடுவே இருக்கும் உறவு காதலும் இல்லை, வெறும் சிநேகமும் இல்லை. ஒருவருக்காக இன்னொருவர் உயிரைக் கொடுப்பார்கள், ஆனால் தொட்டுக்கொள்ள மாட்டார்கள். தமிழ் வாசகர்கள் அவளை இத்தனை ஆண்டுகளாகக் கொண்டாடியது இதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

1966-இல் ஜோசப் லோசி இதைப் படமாக்கினார். பெரிய இயக்குநர். மோனிகா விட்டி, டெரன்ஸ் ஸ்டாம்ப், டிர்க் போகார்ட் என்று பெரிய நடிகர்கள். ஓடோனல் எழுதிக்கொடுத்த திரைக்கதையை மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் தன்னுடையதாக ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது என்று அவரே சொல்லும்படி ஆயிற்று. படத்தில் மாடஸ்டியும் வில்லியும் டூயட் பாடுகிறார்கள்! அந்த இடத்தில் படம் செத்துவிட்டது. ஓடோனல் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒதுக்கப்பட்ட தன் திரைக்கதையையே நாவலாக எழுதி, படம் வருவதற்கு முன்பே, 1965-இல் வெளியிட்டார். அந்த நாவலிலிருந்து ஒரு நீண்ட நாவல் வரிசையே கிளம்பியது. எதைத் தூக்கி எறிந்தார்களோ அதுதான் நிலைத்தது.

1975-இல் வந்த ‘டாக் சாவேஜ்’ படமும் இதே கதைதான். 1933 மார்ச்சில் தொடங்கிய பத்துக் காசு இதழ் நாயகன். ‘கென்னத் ரோப்சன்’ என்ற பொதுப் புனைபெயரில் பெரும்பாலும் லெஸ்டர் டென்ட் எழுதியவை, மொத்தம் 181 நாவல்கள். ஜார்ஜ் பால் போன்ற கைதேர்ந்த தயாரிப்பாளர் கையில் கிடைத்தும் என்ன ஆயிற்று? நாயகனின் கண்ணில் ஒரு மினுமினுப்பை ஒட்டுவேலையாகப் போட்டார்கள். கடைசிச் சண்டையில் இது இன்ன பாணிச் சண்டை என்று எழுத்துப் போட்டுக் காட்டினார்கள். தியேட்டரில் யாரும் சிரிக்கவும் இல்லை, சிலிர்க்கவும் இல்லை. ஜார்ஜ் பாலுக்கு அதுவே கடைசிப் படமாகிவிட்டது.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான படத்துக்கு வருகிறேன். 1996-இல் வந்த ‘தி ஃபேன்டம்’. முத்து காமிக்ஸில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி என்று நாம் அறிந்த அதே முகமூடி வீரர். லீ ஃபாக் 1936 பிப்ரவரியில் தொடங்கிய படக்கதை. நம் நாட்டில் 1964-இல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியதே இவர் கதையோடுதான். கட்டுரையாளர் இந்தப் படத்தை ‘அசட்டுத்தனமான ஊதா உடைக் கோமாளிக் கூத்து’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த ஊதாவிலிருந்தே தொடங்குகிறேன், அது என் தொழில் சம்பந்தப்பட்டது.

தினசரிப் படக்கதை கறுப்பு வெள்ளை. அதனால் முதல் மூன்று ஆண்டுகள் உடைக்கு நிறமே இல்லை. ஃபாக் மனதில் இருந்தது சாம்பல் நிறம். 1939-இல் ஞாயிறு வண்ணப் பக்கம் தொடங்கியபோது அது ஊதாவாக அச்சாகி வந்தது, அப்படியே நின்றுவிட்டது. ஸ்வீடனில் நீலம், இத்தாலியில் சிவப்பு. அந்தந்த நாட்டு அச்சகத்தில் எந்த மை ஊற்றினார்களோ அதுவே அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு வேதாளரின் நிறம். எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உலகம் முழுக்க ஒரு வீரனின் தோற்றத்தை முடிவு செய்தவர்களில் எங்கள் தொழில்காரர்களும் இருந்திருக்கிறார்கள்! படம் எடுத்தவர்கள் நினைத்திருந்தால், காட்டுக்குள் ஊதா எதற்கு என்று கறுப்புத் தோல் உடை மாட்டிவிட்டிருக்கலாம். அந்தப் பத்தாண்டில் அதுதான் நாகரிகம். அவர்கள் ஊதாவிலேயே நின்றார்கள். இயக்குநர் சைமன் வின்சர் ஆஸ்திரேலியர், வேதாளர் இதழ் 1948 முதல் வந்துகொண்டிருக்கும் நாட்டுக்காரர். நாயகன் பில்லி ஜேனும் ஆஸ்திரேலியாவில் வேறொரு படத்தில் நடிக்கப் போயிருந்தபோது இந்தக் கதைகளைப் படித்துப் பித்தானவர். தெரிந்து, பிடித்து எடுத்த ஆட்கள்.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. இந்தப் படத்தை முதலில் இயக்கவிருந்தவர் ஜோ டான்டே. ஜெஃப்ரி போம் எழுதிய திரைக்கதை கேலிப்படமாகத்தான் எழுதப்பட்டதாம். கை மாறியபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை, நேர்ப்படமாகவே எடுத்துவிட்டார்கள் என்று டான்டே பின்னாளில் வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். அவருக்கு அது பெருங்குறை. எனக்கு அதுதான் படத்தைக் காப்பாற்றிய விஷயம். கயிற்றுப் பாலத்தில் தொங்கும் லாரியிலிருந்து சிறுவனைத் தூக்கும் காட்சியையும், பறக்கும் விமானத்தின் அடியிலிருந்து ஓடும் குதிரைமேல் நாயகனும் நாயகி டயானாவும் இறங்கும் காட்சியையும் மறுபடி போட்டுப் பாருங்கள். ஜேன் முகத்தில் ஏளனம் இருக்காது. நடப்பதை முழுசாக நம்புகிற மனிதனின் புன்னகை இருக்கும். வேதாளர் பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. செத்துப்போன தந்தை, இருபதாவது வேதாளர், மகன் கண்ணுக்கு மட்டும் தெரிந்து பேசிவிட்டுப் போவார். அதைப் பாட்ரிக் மக்கூஹன் அவ்வளவு இயல்பாகச் செய்திருப்பார். வில்லன் ட்ரீட் வில்லியம்ஸ்தான் கொஞ்சம் அதிகம் ஆடுவார், ஒத்துக்கொள்கிறேன். கதையில் வரும் கடற்கொள்ளையர் கூட்டமும் பெண் விமானிகள் கூட்டமும் ஃபாக் எழுதிய முதல் இரண்டு கதைகளிலிருந்தே எடுத்தவை. 1938-இல் நடக்கும் கதையை 1938-லேயே வைத்தார்கள். இதைவிட மரியாதை ஒரு படக்கதைக்கு என்ன வேண்டும்?

அப்படியானால் ஏன் ஓடவில்லை என்று கேட்பீர்கள். நாலரைக் கோடி டாலர் போட்ட படம் அமெரிக்காவில் ஒன்றேமுக்கால் கோடிக்குள் நின்றுபோனது உண்மை. 1996 ஜூன் 7-ஆம் தேதி அது வெளியான அதே வெள்ளிக்கிழமை ‘தி ராக்’ வெளியானது. பதினைந்து நாள் முன்புதான் ‘மிஷன்: இம்பாசிபிள்’ வந்து ஓடிக்கொண்டிருந்தது. வேதாளருக்கு உயிர்ச் சந்தாதாரர்கள் இருந்தது ஸ்வீடனிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும். அமெரிக்கப் பையன்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்காமல் அவர்களை வைத்துத் தீர்ப்பு எழுதுவது என்ன நியாயம்? இதே கொடுமை ‘தி ராக்கெட்டியர்’ படத்துக்கும் நடந்தது. 1991 ஜூன் 21-இல் வந்தது அது. ஒரு வாரம் முன்பு கெவின் காஸ்ட்னரின் ராபின் ஹுட், பன்னிரண்டு நாள் கழித்து ‘டெர்மினேட்டர் 2’. நடுவில் மாட்டிக்கொண்டது.

ராக்கெட்டியரைப் பற்றி இரண்டு வரியாவது சொல்ல வேண்டும். டேவ் ஸ்டீவன்ஸ் என்ற ஓவியர் 1982-இல் தொடங்கிய காமிக்ஸ். முதுகில் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு பறக்கும் பழைய தொடர்படங்களின் மேலிருந்த பாசத்தில் வரைந்தது. காமிக்ஸில் அந்த ராக்கெட்டைக் கண்டுபிடித்தவர் யார் என்று பெயர் சொல்லாமல், உடற்கட்டையும் உதவியாளர்களையும் வைத்தே அது டாக் சாவேஜ் என்று விவரமறிந்தவர்களுக்குப் புரியும்படி வரைந்திருப்பார் ஸ்டீவன்ஸ். படத்தில் அந்த இடத்துக்கு விமானத் தொழிலதிபர் ஹோவர்ட் ஹியூஸை வைத்தார்கள். இயக்குநர் ஜோ ஜான்ஸ்டன் இந்தப் படத்தை எடுத்த விதத்தைப் பார்த்துத்தான் இருபது ஆண்டு கழித்து ‘கேப்டன் அமெரிக்கா’ படத்தை அவரிடம் கொடுத்தார்கள் என்பது என் துணிபு. அந்தப் படத்தையும் அவர் அதே 1940-களின் தாளத்தில், கூச்சமே இல்லாமல் எடுத்தார். அது ஓடியது. காலாவதி என்ற வாதம் அங்கே என்ன ஆயிற்று?

‘டிக் ட்ரேசி’ பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது எனக்குப் பெரிய ஏமாற்றம். செஸ்டர் கூல்ட் 1931-இல் தொடங்கிய துப்பறியும் படக்கதையை வாரன் பீட்டி 1990-இல் இயக்கி நடித்தார். நாளிதழின் ஞாயிறு வண்ணப் பக்கத்தில் எத்தனை நிறம் இருக்குமோ அத்தனைதான் படத்திலும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஏழே ஏழு நிறத்துக்குள் முழுப் படத்தையும் எடுத்தார்கள். சிவப்பு என்றால் ஒரே சிவப்பு. கார், சட்டை, சுவர், விளக்கு எல்லாவற்றிலும் அதே சிவப்பு. மஞ்சள் கோட்டும் மஞ்சள் தொப்பியும் போட்ட நாயகன் நீலத் தெருவில் நடந்து வரும்போது, ரிஜிஸ்டர் சரியாக உட்கார்ந்த, அதாவது நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் பதிந்த புரூஃபைக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். மலிவு அச்சின் வரம்பையே அழகாக மாற்றிக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. விட்டோரியோ ஸ்டோராரோ ஒளிப்பதிவு, ரிச்சர்ட் சில்பெர்ட் கலை. கலை இயக்கம், ஒப்பனை, பாடல் என்று மூன்று ஆஸ்கர் வாங்கியது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு, குறைந்த நிறத்தில் நிறைந்த படம் எப்படி வரும் என்று காட்ட நான் அந்தப் படத்தின் சிடி-யைத்தான் கொடுப்பேன்.

ஐரோப்பிய நாயகர்கள் விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. நம் லயன் காமிக்ஸ் வாசகர்கள் தலையில் வைத்து ஆடும் கௌபாய் வீரர் டெக்ஸ் வில்லரை 1985-இல் ஜூலியானோ ஜெம்மாவை வைத்து இத்தாலியில் எடுத்தார்கள். டெக்ஸைப் படைத்த போனெல்லியே அதில் கதை சொல்லும் முதியவராக வருவார். மரியாதை இருந்தது, வேகம் இல்லை. நாம் கேப்டன் டைகர் என்று படித்த ப்ளூபெர்ரியை 2004-இல் படமாக்கியவர்கள், ரயில் பாதையும் குதிரைப்படையும் தங்கச் சுரங்கமும் நிறைந்த அந்தக் கதைகளை விட்டுவிட்டு மூலிகை மயக்கக் காட்சிகளுக்குள் போய்விட்டார்கள். அது டைகர் இல்லை.

ஓடிய படங்களைக் கட்டுரை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? ஜாரோ 1919-இல் ஜான்ஸ்டன் மக்கல்லி ‘ஆல் ஸ்டோரி வீக்லி’யில் எழுதிய ஐந்து வாரத் தொடர். கடைசியில் நாயகன் முகமூடியைக் கழற்றிவிடுகிறான், கதை முடிந்தது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அடுத்த ஆண்டே டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அதைப் படமாக எடுத்து, கறுப்பு உடை போட்டுப் பால்கனிக்குப் பால்கனி தாவியதும் உலகமே மயங்கியது. மக்கல்லி மறுபடி பேனாவை எடுத்து, படத்தில் வந்த மாதிரியே கறுப்பு உடையில் ஜாரோ கதைகளை எழுதிக் குவித்தார். எண்பது ஆண்டு கழித்து, 1998-இல் மார்ட்டின் கேம்பெல் எடுத்த ‘தி மாஸ்க் ஆஃப் ஜாரோ’ உலகம் முழுக்க 25 கோடி டாலர் வசூலித்தது. அதன் நாயகி கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸ், இரண்டு ஆண்டு முன்பு வேதாளர் படத்தில் விமானியாக வந்த அதே பெண். அதில் நகைச்சுவை நிறையவே உண்டு. ஆனால் ஜாரோவைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, ஜாரோவோடு சேர்ந்து சிரிக்கிறோம். வாள் வீச்சு வாள் வீச்சாகவே இருக்கிறது.

நம் ஊரிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து 1954-இல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘மலைக்கள்ளன்’, இரட்டை வாழ்க்கை வாழும் நாயகனின் சாகசக் கதைதான். அதைக் கேலியாக எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. எம்.ஜி.ஆருக்கு அது திருப்புமுனை, படத்துக்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம். அதற்கும் முன்பு, 1950-இல், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலை மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ ஆக எடுத்து நம்பியாரை நாயகனாக்கியது. வெகுஜன நாவலை எடுப்பதில் அவர்களுக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

கட்டுரையாளர் வேறொரு குறையைச் சொல்லியிருந்தால் நான் உடனே தலையாட்டியிருப்பேன். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களின் பார்வை இந்தக் கதைகளில் ஊறிக் கிடக்கிறது. காட்டு மக்களைக் காக்க வெள்ளைக்கார வீரன் வர வேண்டும் என்பது வேதாளர் கதையின் அடித்தளம். ஃப்ளாஷ் கார்டனின் வில்லன் மிங், ஆசியர்கள் மேலிருந்த பயத்தை வைத்து வரைந்த முகம். வேதாளரின் எதிரிகளான கடற்கொள்ளையருக்கு ‘சிங்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்திரஜாலில் அதை மாற்றினார்கள், காட்டின் பெயரையும் டெங்காலி என்று ஆக்கினார்கள். 1996 படத்திலும் ‘செங்’ என்று திருத்தினார்கள். இப்படித் திருத்த வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. இனி எடுப்பவர்கள் காட்டு மக்களுக்கு வாயும் அறிவும் கொடுத்து எழுதட்டும், நாயகன் அவர்களில் ஒருவனாகவே இருக்கட்டும், நான் முதல் நாள் முதல் காட்சிக்குப் போவேன். அப்படித் திருத்துகிற வேலைக்கு உழைப்பு வேண்டும். கேலி செய்வதற்கு உழைப்பு வேண்டாம், அதனால்தான் பலர் அந்த வழியில் போகிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இரும்புக்கை மாயாவியைத் தமிழில் படமாக்கும் பேச்சு சில ஆண்டுகளாகவே செய்திகளில் அடிபடுகிறது. 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய கதை, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது, முத்து காமிக்ஸின் முதல் நாயகன். சோதனைச்சாலை விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டெல், மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுக்க மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிய நடமாடுவான். ஆரம்பத்தில் அவன் நல்லவனே இல்லை. கிடைத்த சக்தியை வைத்துத் திருடுகிறான், ஊரை மிரட்டுகிறான், பிறகுதான் திருந்தி உளவாளி ஆகிறான். இதை யார் எடுத்தாலும் அந்தக் கெட்ட கிராண்டெலை விட்டுவிடக் கூடாது, மின்சாரம் வேண்டும் என்ற நிபந்தனையையும் தளர்த்தக் கூடாது. சாக்கெட் எங்கே இருக்கிறது என்று அவன் தேடுகிற ஒவ்வொரு கட்டத்திலும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கம் புரட்டினோம். பிளாஸ்கோவின் கறுப்பு மையில் அந்தக் கை மட்டும் காற்றில் தொங்குவதை ஒளிப்பதிவாளர் ஒரு தடவை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் நல்லது.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. இந்தப் பொருளில் அடுத்த கட்டுரை போடும்போது, வசூல் கணக்கோடு மூலக்கதைக்கும் அரைப் பக்கமாவது கொடுங்கள். ரேமண்டின் ஒரு ஞாயிறு பக்கம், ஹோல்டவேயின் ஒரு பட்டை, பிளாஸ்கோவின் ஒரு கட்டம் என்று உரியவர்களிடம் அனுமதி பெற்று அச்சிட்டால், வாசகர்களே பார்த்து முடிவு செய்துகொள்வார்கள். வண்ணப் பக்கத்தில் போடுவதானால் வேதாளரை ஊதாவிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆஃப்செட் தொழிலாளர்,
சிவகாசி.